அரைப் புள்ளி

சென்ற கோடை விடுமுறையில் தரப்புள்ளிச் சதுரங்கப் போட்டியொன்றில் யாம் கலந்துகொண்டகாலை, மூன்றாஞ் சுற்றில் எமக்கெதிரே வந்தமர்ந்தவன் பதினோராண்டுச் சிறுவன். நாற்காலியில் அமர்ந்தால் அவன் கால்கள் தரையை எட்டவில்லை. எனினும் எமது தரப்புள்ளி 1480, அவனதோ 1880. இத்துணை இடைவெளி இருப்பின் வலியார் நூறு ஆட்டங்களில் 92 புள்ளி பெறுவர் என்பது, பௌதிகப் பேராசிரியர் ஆர்பட் ஈலோ வகுத்து, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் ஏற்றுக்கொண்ட முறையின் கணக்கு.

கணக்கின்படியே ஆட்டம் சென்றது. நெடுநேரங் கழித்து எம்மிடம் அரசனும் ஒரு குதிரையுமே எஞ்சின. அவனிடம் ஒரு மந்திரியும் இரண்டு காலாட்களும் இருந்தன. குதிரை எவ்வாறாயினும் வீழ்வதே என்றெண்ணி, அதனைக்கொண்டு ஒரு காலாளை வெட்டினோம். அவன் குதிரையை வெட்டினான். வெட்டிய கை காயின்மீதே நின்றுவிட்டது. அவன் முகத்தைக் கண்ட பின்னரே நிகழ்ந்தது எமக்கு விளங்கிற்று. எஞ்சிய காலாள் ஓர வரிசையில் நின்றது. அஃது அரசியாக வேண்டிய மூலையோ கருங்கட்டம். அவன் மந்திரி வெண்கட்டங்களிலன்றி இயங்காதது. எம் அரசன் அம்மூலையிற் புகுந்துகொண்டால் வெளியேற்ற வழியில்லை. மிக நெருக்கினால் நகர இடமின்றி ஆட்டம் சமனாகும். இதனை யாம் முன்னரே திட்டமிட்டோமென எழுதுவோமாயின், எம் ஆட்டமறிந்த விடுதி நண்பர் நகைப்பர்.

பின்னும் பதினெட்டு நகர்வு அவன் முயன்றான். இறுதியிற் கை நீட்டியபோது கண்கள் நிறைந்திருந்தன. அச்சமனால் எமக்கு வந்தது 8.4 புள்ளி, அவன் இழந்ததோ 16.8. பதினெட்டு வயது நிரம்பாத அவனுக்கு ஏற்றமும் இறக்கமும் எம்மினும் இருமடங்கு. வளரும் பிள்ளைகள் விரைந்தேற உதவும் அவ்விதி அன்று அவனை விரைந்திறக்கிற்று.

வெளியே நண்பர் எம்மைத் தட்டிக்கொடுத்தனர். எமக்கும் மகிழ்ச்சியே, மறைப்பானேன்? தேநீர் அருந்தி மீண்டபோது, அவன் பழைய நிலையைப் பலகையில் அடுக்கித் தனியே அமர்ந்திருந்தான்.

"அண்ணா, குதிரை வருமுன்பே அரசனை இங்கே கொண்டுவந்திருந்தால்?" என்றான்.

எதிரே அமர்ந்து குதிரையைப் பலவாறு நகர்த்திப் பார்த்தோம். காலாளை நெருங்க இயலவில்லை.

"வென்றிருப்பேன் அல்லவா?"

"வென்றிருப்பாய், தம்பி" என்றோம்.

அடுத்த சுற்றுக்கு அழைப்பு வருவதற்குள், அந்நிலையிலிருந்து அவன் எம்மை மும்முறை தோற்கடித்தான்.