சோறு கொணர்வோரும் சந்தோஷப் பணமும்

கடல் கடந்து வாழும் பழைய மாணவர் தத்தம் அனுபவத்துள் ஒன்றனை எழுதியனுப்புதல் வேண்டும் என மலர்க்குழுவினர் கேட்டிருந்தனர். நம் கல்லூரியின் பழம்பெருமை, அதிபர்கள் ஆற்றிய தொண்டு, துடுப்பாட்ட வெற்றிகள், விடுதி வாழ்க்கை என்பன பற்றி என்னினும் வல்லார் பலர் இம்மலரில் எழுதுவர் என்பது திண்ணம். ஆதலின் அவற்றை அவர்களுக்கே விட்டு, நான் மிகச் சிறியதொரு பொருளை எடுத்துக்கொள்கின்றேன். கணக்கெழுதியே காலங்கழித்தவன் நான். ஐந்து டொலரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன் என்று கேட்டால் என்னுடன் படித்தவர்கள் வியப்படைய மாட்டார்கள்.

1973 ஆம் ஆண்டு கொழும்புக் கோட்டையிலே திணைக்களம் ஒன்றில் எழுதுவினைஞனாகச் சேர்ந்தேன். நண்பர் அறுவர் கூடி வெள்ளவத்தையில் ஒரு வீட்டிலே இருந்தோம். எங்களுக்கு மதியச் சோறு துவிச்சக்கரவண்டியில் வரும். வண்டியின் பின்புறத்தே ஒரு பெரிய மரப்பெட்டி. அதனுள்ளே நிறைய அடுக்குச் சட்டிகள். அவற்றைக் கொணர்பவர் காலி வீதி வழியே ஐந்து மைலுக்கு மேல் மிதித்து வந்து, பன்னிரண்டரை மணிக்குள் படியேறி எங்கள் மேசைக்கு அருகே வைத்துச் செல்வார். மழை நாளில் மெழுகுசீலையைப் பெட்டிக்குப் போர்த்துவிட்டுத் தாம் நனைந்து வருவார். அவருக்குரிய கூலியை மாதம் பிறந்ததும் கொடுத்துவிடுவோம். சித்திரைப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் ஆளுக்கு இரண்டு ரூபா சேர்த்து 'சந்தோஷம்' கொடுப்போம். நல்ல சொல் அது. கொடுப்பவனுக்கும் சந்தோஷம், வாங்குபவனுக்கும் சந்தோஷம். நாங்கள் கொடாது விட்டாலும் அவருடைய கூலியில் ஒரு சதமும் குறையாது. இதனை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். நான் பின்னர் செய்த பிழைக்கு வேர் இங்கேதான் உள்ளது. (அவருடைய பெயர் என்னவென்று நாங்கள் அறுவரும் ஒருநாளாவது கேட்டதில்லை. அது வேறொரு பிழை.)

நிற்க. 1987 இல் கனடாவுக்கு வந்து ரொறன்ரோ நகரின் கிழக்கே ஸ்காபரோவில் குடியமர்ந்தேன். இந்நாட்டிலே உணவகத்தில் உண்டு எழுந்தால் விலைப்பணத்துக்கு மேலாக நூற்றுக்கு 15 வீதமேனும் பரிமாறியவருக்கு வைத்துச் செல்லுதல் வழக்கம். இங்குள்ள எம்மவர் அதனை 'ரிப்ஸ்' என்பர். நான் அதனைக் கொழும்பிலே கொடுத்த சந்தோஷத்தின் உடன்பிறப்பு என்றே எண்ணினேன். நன்றாகப் பரிமாறினால் நன்றாகக் கொடுப்பது, முகங்கோணினால் குறைப்பது. 2020 இல் பெருந்தொற்று வந்து எல்லோரையும் வீட்டுக்குள் அடைத்தபொழுது, தொலைபேசிச் செயலி மூலம் உணவு வருவிக்கும் பழக்கம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. அச்செயலியிலே ரிப்ஸ் எவ்வளவு என்பதை உணவு வருமுன்னரே குறித்துவிடும்படி கேட்பார்கள். பணி நடைபெறுமுன்னே பரிசா என்று எனக்கு அது புதுமையாயிருந்தது. எனினும் வந்தபின் அதனைக் குறைக்கவும் கூட்டவும் சிறிது நேரம் இடமுண்டு என்று கண்டு மனம் அமைந்தேன்.

2025 ஆம் ஆண்டு பெப்ரவரி மாத நடுவிலே ரொறன்ரோவில் அடுத்தடுத்துப் பனி கொட்டியது. நடைபாதை எது, வீதி எது என்று தெரியாத வாரம் அது. மனைவி மகள் வீட்டுக்குச் சென்றிருந்தாள். இரவுணவுக்கு இடியப்பமும் சொதியும் சம்பலும் வருவித்து, ரிப்ஸ் ஐந்து டொலர் என்று குறித்தேன். நாற்பது நிமிடத்தில் வரும் என்றது செயலி. ஒரு மணியும் நாற்பது நிமிடமும் சென்றபின் வந்தது. சொதி பாதி பைக்குள்ளே சிந்தியிருந்தது. இடியப்பம் விறைத்துக் கிடந்தது. கொண்டுவந்தவர் என்னிலும் பத்து வயதே இளையவராயிருப்பார். தொப்பியிலும் புருவத்திலும் பனி. "சொறி, சொறி" என்று இருமுறை சொல்லிவிட்டுப் படியில் வழுக்கிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கிப் போனார். நான் கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஐந்து டொலரைச் சுழியமாக்கினேன். கோபத்தாற் செய்தேன் என்றால் அது பொய்யாகும். கணக்குச் சரிபார்க்கும் அமைதியோடு செய்தேன். அன்று நன்றாக உறங்கியுமிருக்கிறேன்.

அடுத்த மாதம் நடந்ததைச் சொல்லுதல் வேண்டும். என் கடைசித் தங்கையின் மகன் 2023 இல் இங்கே படிக்க வந்தவன். அவனும் நம் கல்லூரியின் மாணவனே. அயலில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையிலே வாடகைக்கு இருக்கின்றான். வெளிநாட்டு மாணவர் கல்வி நடைபெறும் காலத்தில் கல்லூரிக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரமே வேலை செய்யலாம் என்பது 2024 நவம்பரில் வந்த விதி. அந்த நேரத்தை அவன் உணவு கொண்டுசெல்வதிற் செலவிடுகின்றான் என்பது எனக்குத் தெரியும். அத்தொழில் இன்னதென்று தெரியாது. ஒரு சனிக்கிழமை மாலை பொழுதுபோகாமல், "நானும் காரில் வரட்டோ, தம்பி?" என்று கேட்டேன். "வாங்கோ மாமா, ஆனால் அலுப்படிக்கும்" என்றான்.

ஐந்து மணி தொடக்கம் ஒன்பது மணி வரை அவனருகே இருந்தேன். தொலைபேசி ஒலிக்கும். இன்ன கடை, இத்தனை கிலோமீற்றர், இத்தனை டொலர் என்று காட்டும். அத்தொகையில் நிறுவனம் தருவது எவ்வளவு, வாடிக்கையாளர் வைத்த ரிப்ஸ் எவ்வளவு என்று பிரித்துக் காட்டாது. சில விநாடிகளுள் ஏற்கவேண்டும் அல்லது மறுக்கவேண்டும். நான்கு டொலருக்கு ஒன்பது கிலோமீற்றர் என்று ஒன்று வந்தது, மறுத்தான். சிறிது நேரத்தில் அதுவே மீண்டும் வந்தது. "ரிப்ஸ் வைக்காத ஓடர் மாமா. ஒருத்தரும் எடுக்கமாட்டினம். அது கடையிலேயே கிடந்து ஆறும்" என்றான். பின்பு அதனையே, ரிப்ஸ் வைத்த வேறொன்றுடன் இணைத்து நிறுவனம் அனுப்பியது. இம்முறை ஏற்றுக்கொண்டான். ஏற்றதும் இரண்டையும் எடுத்து, காட்டிய ஒழுங்கிலே முதலில் ஒரு வீட்டுக்கும் பின்பு மற்றதற்கும் போகவேண்டும். முதலில் வந்தது ரிப்ஸ் வையாதவர் வீடு. பணம் வைத்தவர் தம் வீட்டு யன்னலருகே நின்று, இவன் எங்கே சுற்றுகிறான் என்று பார்த்திருப்பார்.

ஓர் உணவகத்திலே இருபத்தைந்து நிமிடம் நின்றோம். சமையல் முடியவில்லை. உண்போருக்கு நாற்காலி உண்டு. இவனைப் போன்றோர் கதவோரம் ஒதுங்கி நிற்பர். அன்று அங்கே ஏழுபேர் அவ்வாறு நின்றனர். யாரும் யாருடனும் பேசவில்லை. எல்லோர் கண்ணும் கையிலுள்ள தொலைபேசியிலே. பிறகு ஒரு மாடிக்குடியிருப்பு. காரை நிறுத்த இடமில்லை. நிறுத்தினால் தண்டச்சீட்டு வரும் என்று என்னைக் காரிலிருத்திவிட்டு ஓடினான். இரண்டு மின்தூக்கிகளில் ஒன்று பழுது. போக வேண்டியதோ 23 ஆம் மாடி. திரும்பிவரப் பதினான்கு நிமிடமாயிற்று. கதவைத் திறந்தார்களோ என்று கேட்டேன். "வாசலில் வைச்சிட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கினம்" என்றான்.

ஏழரை மணியளவில் தொலைபேசியைப் பார்த்தவன் ஒரு கணம் பேசாதிருந்தான். என்னவென்று விசாரித்தேன். முன்னர் கொடுத்த ஓர் உணவுக்கு வைத்திருந்த ரிப்ஸ் எட்டு டொலர் இரண்டாகக் குறைக்கப்பட்டிருந்தது. ஒரு குடிபானம் பையில் இல்லையாம். பையோ கடைக்காரர் ஒட்டி முத்திரையிட்டது. அதனைப் பிரித்துப் பார்த்தல் இவனுக்கு ஆகாது. "நீ இதற்கு ஒன்றும் எழுதக்கூடாதோ?" என்றேன். "சில வேளை அப்பிடித்தான் மாமா" என்று சொல்லிக் காரை எடுத்தான். நான் வீதியின் மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விறைத்த இடியப்பமும், கைப்பிடியைப் பற்றி இறங்கிய அம்முதியவரும் அப்பொழுதுதான் என் நினைவுக்கு வந்தனர். அவர் எந்தக் கடை வாசலில் எத்தனை நிமிடம் நின்றார், எனக்கு முன் எந்த வீட்டுக்கு அனுப்பப்பட்டார் என்று நான் எண்ணிப் பார்த்ததேயில்லை.

இரவு வீட்டுக்கு வந்ததும் பழைய வழக்கப்படி ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். நான்கு மணி நேரத்தில் ஒன்பது வீடுகள். நிறுவனம் தந்தது 38 டொலர் 25 சதம். ரிப்ஸ் 27 டொலர் 50 சதம். கூட்டுத்தொகை 65 டொலர் 75 சதம். கார் ஓடிய தூரம் 58 கிலோமீற்றர். வேலைக்காகச் சொந்தக் காரைச் செலுத்துவோருக்குத் தொழில்தருநர் கொடுக்கத்தக்க படியாகக் கனடிய அரசு 2025 ஆம் ஆண்டுக்கு வகுத்த அளவு முதல் 5,000 கிலோமீற்றர் வரை கிலோமீற்றருக்கு 72 சதம். பெற்றோல், காப்புறுதி, தேய்மானம் எல்லாம் அதில் அடங்கும். அவ்வளவின்படி செலவு 41 டொலர் 76 சதம். மிஞ்சுவது 23 டொலர் 99 சதம். மணிக்கு ஆறு டொலர். அக்காலத்தில் ஒன்ராறியோ மாகாணத்தின் ஆகக்குறைந்த கூலி மணிக்கு 17 டொலர் 20 சதம். மருமகனுடையது பழைய கார், அவ்வளவு செலவு பிடிக்காது என்று பாதியாகக் குறைத்துப் பார்த்தேன். அப்பொழுதும் மணிக்குப் பதினொரு டொலருக்குச் சற்று மேலே. பின்பு ரிப்ஸை நீக்கிவிட்டு அரசின் அளவிலே மீண்டும் கூட்டினேன். 3 டொலர் 51 சதம் நட்டம். அஃதாவது, தன் கையிலிருந்து பணம் கொடுத்துப் பிறர் இரவுணவைச் சுமந்தவனாவான். இந்நாட்டிலே சுயதொழில் செய்பவன் எனக் கருதப்படுபவன் ஓய்வூதிய நிதிக்குத் தொழிலாளியின் பங்கையும் தொழில்தருநரின் பங்கையும் தானே செலுத்தல் வேண்டும். அதனை நான் கணக்கிற் சேர்க்கவில்லை.

இங்கேதான் என் சந்தோஷக் கொள்கை உடைந்தது. கொழும்பிலே நாங்கள் கொடுத்தது கூலிக்கு மேலே வைத்த பூ. இங்கே வைப்பது கூலியின் ஒரு பாதி. அப்பாதியைக் கொடுக்கும் பொறுப்பு ஊர்பேர் தெரியாத என்போன்றோரின் மனப்போக்கிலே விடப்பட்டிருக்கின்றது. அமெரிக்காவில் இது இன்னும் வெளிப்படையாக நடந்தது. டோர்டாஷ் என்னும் நிறுவனம் 2017 தொடக்கம் 2019 வரை ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு தொகையை உறுதிசெய்துவிட்டு, வாடிக்கையாளர் வைத்த ரிப்ஸைக் கொண்டே அதன் பெரும்பகுதியை நிரப்பியது. மூன்று டொலர் ரிப்ஸ் வந்தால் தன் பங்கில் மூன்று டொலரைக் குறைத்துக்கொள்ளும். கொடுத்தவர் சாரதிக்குக் கொடுத்தோம் என்றெண்ணி நிறுவனத்துக்கே கொடுத்தனர். இதன்பொருட்டு நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபருடன் அந்நிறுவனம் 2025 பெப்ரவரியில் 1 கோடியே 67 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு இணக்கம் செய்துகொண்டது. நான் ஐந்து டொலரைச் சுழியமாக்கிய அதே மாதம்.

ஒன்ராறியோவில் 2025 யூலை 1 ஆந் திகதி இவ்வகைத் தொழிலாளருக்கென ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. ரிப்ஸை நிறுவனம் பிடித்துவைத்தல் ஆகாது. ஆகக்குறைந்த கூலியும் கொடுத்தல் வேண்டும். நல்லதே. ஆனால் அக்கூலி ஒரு பயணத்தை ஏற்றது முதல் உணவைக் கொடுத்து முடிக்கும் வரையுள்ள நேரத்துக்கே உரியது. அடுத்த அழைப்புக்காகத் தரிப்பிடத்திலே காத்திருக்கும் நேரம் சேராது. காருக்கு ஆகும் செலவும் கழிவதில்லை. நியூயோர்க் நகரமோ காத்திருக்கும் நேரத்தையும் உள்ளடக்கி, 2023 டிசெம்பர் முதல் ரிப்ஸ் நீங்கலாக மணிக்கு 17 டொலர் 96 சதம் என்று விதித்தது. உடனே பெரிய நிறுவனங்கள், ரிப்ஸ் கேட்கும் பக்கத்தை உணவுக்குச் சொல்லி முடித்த பின்னரே வரும்படி தள்ளிவைத்தன. ஒரு கையாற் கொடுக்கும்படி செய்தால் மறு கையால் எடுப்பதற்கு வழி தேடுவது வியாபாரத்தின் இயல்பு போலும்.

இப்பொழுது நான் செயலியிலே குறித்த தொகையைத் தொடுவதில்லை. சோறு ஆறியிருந்தாலும், சொதி சிந்தினாலும், கடைக்கே எழுதுகிறேன். வாசலில் வைத்துச் செல்லும்படி சொல்வதையும் விட்டுவிட்டேன். பனி நாளிலே படியில் உப்புத் தூவிவிட்டு, வெளிவிளக்கைப் போட்டு, வீட்டு இலக்கம் தெரிகின்றதோ என்று பார்த்துவிட்டே உணவுக்குச் சொல்லுகிறேன். வருபவரின் பெயரைச் செயலி காட்டும். அப்பெயரைச் சொல்லி வாங்குகின்றேன். அந்த முதியவரை மீண்டும் காண்பேனோ என்று ஒவ்வொரு முறையும் முகத்தைப் பார்க்கின்றேன். இதுவரை வரவில்லை. அவர் பெயரும் அன்று திரையில் இருந்திருக்கும், நான் பார்க்கவில்லை.

மலர்க்குழுவினருக்கு ஒரு வேண்டுகோள்: எனக்கு இரண்டு பிரதிகள் அனுப்புதல் வேண்டும். ஒன்று மருமகனுக்கு. பெப்ரவரி மாதத்து அவ்விரவைப் பற்றி அவனிடம் நான் இன்றுவரை வாய் திறக்கவில்லை. இப்பக்கத்திலேதான் அதனை அவன் அறியப்போகின்றான்.