பத்தடி தூரத்துக்கு ஒரு பேட்டரி லைட்டு!

``என்ன தாயி இது... லிப்ஸ்டிக் டப்பாவா?''

மணியாச்சி ஸ்டேஷன் வாசலில், டிவிஎஸ் எக்ஸ்எல் மேல் உட்கார்ந்தபடி அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். மார்கழி மாதம். சென்னையிலிருந்து வந்த முத்துநகர் எக்ஸ்பிரஸ் என்னை இறக்கிவிட்டுப் போன நேரத்தில் இன்னும் விடியவில்லை. வண்டிச் சாவியைத் தவறவிட்டுத் தரையில் துழாவிக்கொண்டிருந்தவருக்கு, என் கையிலிருந்த குட்டி டார்ச்சைத் தட்டிக் காட்டினேன். சாவி கிடைத்தது. கேலியும் கிடைத்தது.

எங்கள் ஊரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1911 ஜூன் 17-ம் தேதி வாஞ்சிநாதன், கலெக்டர் ஆஷைச் சுட்டது இந்த ஸ்டேஷனில்தான். அதனால்தான் பெயர்ப் பலகையில் `வாஞ்சி மணியாச்சி'. ஸ்டேஷனைத் தாண்டினால் கரிசல் காடு. மழை பெய்தால் செருப்பைப் பிடித்து இழுக்கும். காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அந்த வெடிப்புகளில் என்னென்ன குடியிருக்கும் என்பது இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு ராத்திரி. சித்தப்பா சாப்பிட்டுவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டத் தொழுவத்துக்குப் போனார். வீட்டிலிருந்து பத்தடி. ஆணியில் பெரிய டார்ச் தொங்கியது. சட்டைப் பையில் போன் இருந்தது. ``பத்தடிதானேன்னு போயிட்டேன்'' என்று பிறகு சொன்னார். கணுக்காலில் சுருட்டை விரியன் கடித்திருந்தது.

அரசு மருத்துவமனையில் அவர் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்த்தார்கள். உறையவில்லை. உடனே விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். நான்கு நாள் கழித்து வீட்டுக்கு வந்துவிட்டார். எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கிறார்கள் என்கிறது 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வு. அதில் பெரும்பாலானவர்கள் கிராமத்துக்காரர்கள்.

அன்றிலிருந்து எனக்கு டார்ச் பைத்தியம். அலுவலகத்தில் வீடியோ பிரிவில் இருக்கும் அண்ணா ஒருவருக்கு அதைவிடப் பெரிய பைத்தியம். ரிச்சி தெருவில் உதிரி பாகம் வாங்கி, டார்ச்சைப் பிரித்து மாற்றுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. ``ஊர்ல வெச்சு ஒரு வாரம் பார்த்துட்டு வந்து சொல்லு'' என்று அவர் கொடுத்ததுதான் இந்த `லிப்ஸ்டிக் டப்பா'.

ஒரே ஒரு ஏஏ பேட்டரிக் கட்டையில் எரியும், விரல் நீள அலுமினிய டார்ச். அதில் அவர் செய்த மாற்றம் இரண்டு.

ஒன்று, எல்இடி. மலிவு டார்ச்சுகளில் வருவது நீலம் கலந்த வெள்ளை. அதைக் கழற்றிவிட்டு, லேசான மஞ்சள் கலந்த எல்இடியைப் பற்றவைத்திருந்தார். நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கு சிஆர்ஐ என்றோர் அளவு உண்டு. சூரிய வெளிச்சத்துக்கு 100. சாதாரண எல்இடிகள் பல 70 பக்கத்தில் நிற்கும். இது 90-க்கு மேல்.

இரண்டு, சுவிட்ச். கடை டார்ச்சை அமுக்கினால் முதலில் முழு வெளிச்சம், அப்புறம் பாதி, அப்புறம் கோயில் கொடை சீரியல் லைட் போல மினுக்கும். அவசரத்துக்கு அமுக்கும்போது சரியாக அந்த மினுக்கல்தான் வந்து நிற்கும்! உள்ளே இருக்கும் சின்ன சர்க்யூட்டை மாற்றி, மினுக்கலை ஒழித்துவிட்டார். ஓர் அமுக்கு சின்ன வெளிச்சம். இன்னோர் அமுக்கு பெரிய வெளிச்சம். அவ்வளவுதான்.

மறுநாள் ராத்திரி அப்பாவோடு மக்காச்சோளக் காட்டுக்குப் போனேன். கதிர் பிடிக்கிற சமயம், காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்க வேண்டும். நாங்கள் பொழி என்று சொல்லும் வரப்பில் நடக்கும்போது முதலில் போன் லைட்டை அடித்தேன். காய்ந்த தோகை, மண்கட்டி, சுள்ளி எல்லாமே சாம்பல் நிறம். பிறகு குட்டி டார்ச். தோகை மஞ்சளாக, மண் கறுப்பாக, நடுவில் பழுப்பாக ஒன்று வளைந்து கிடந்தது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அப்பா கம்பால் தூக்கிப் பார்த்தார். தேங்காய்நார்க் கயிறு!

``கயித்தைப் பார்த்துப் பாம்புன்னு பயப்படுறது நல்லதுதான். பாம்பைப் பார்த்துக் கயிறுன்னு மிதிக்கக் கூடாது'' என்றார் அப்பா. அதற்குப் பிறகு லிப்ஸ்டிக் கேலி குறைந்தது.

ஒரு வாரத்தில் நான் குறித்துக்கொண்டவை இவை. சின்ன வெளிச்சத்தில் ராத்திரி முழுக்கத் தாங்கியது. பெரிய வெளிச்சத்தில் ஒன்றேகால் மணி நேரத்தில் மங்கிவிட்டது, கையும் சுட்டது. உருண்டையாக இருப்பதால் கீழே வைத்தால் உருண்டு ஓடுகிறது; ஒரு கயிறு கட்டியதும் சரியாகிவிட்டது. பன்றியை விரட்டும் அளவுக்குத் தூரம் அடிக்காது. அதற்கு ஆணியில் தொங்கும் பெரிய டார்ச்தான் வேண்டும். இன்னொரு பெரிய குறை டார்ச்சினுடையது அல்ல. என் சுடிதாரில் பாக்கெட்டே இல்லை! பாக்கெட் டார்ச் என்று பெயர் வைப்பவர்கள் எங்களையும் கொஞ்சம் நினைக்கலாம்.

இதே அளவில் லித்தியம் பேட்டரியும் கிடைக்கிறது. வெளிச்சம் அதிகம். ஆனால் வோல்டேஜும் அதிகம் என்பதால் எல்லா டார்ச்சிலும் போடக் கூடாது. சாவி, சில்லறையோடு பையில் போட்டால் உரசி ஷார்ட் ஆகி, தீப்பிடிக்கக்கூட வாய்ப்புண்டு. எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் அது கிடைக்கவும் கிடைக்காது. ஏஏ கட்டை கிடைக்கும். அதுவே போதும் என்று அண்ணா முடிவெடுத்தது எவ்வளவு சரி என்பது இங்கே வந்த பிறகுதான் புரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளிச்சத்தைக் கண்டு பாம்பு ஓடிவிடாது. நாம்தான் பார்த்து விலக வேண்டும். தப்பித் தவறிக் கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல், 108-ஐ அழைத்து, மருத்துவமனைக்குப் போவதுதான் வழி.

ஊருக்குக் கிளம்பும் நாளில் டார்ச்சைத் தேடினேன். பையில் இல்லை, மேஜையில் இல்லை. ஸ்டேஷனில் என்னை இறக்கிவிட்ட அப்பாவின் சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில் அதன் கயிறு எட்டிப் பார்த்தது. நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

போன வாரம் அம்மா போனில் சொன்னார். ``உங்கப்பா இப்ப வாசலுக்குப் போனாலும் அதைத்தான் அடிச்சிட்டுப் போறாரு. பெரிய லைட்டு ஆணியிலேயே தொங்குது.'' பக்கத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. ``ஏ தாயி, உங்க சித்தப்பன் ரெண்டு நாளா இதையே பார்த்துக்கிட்டு இருக்கான். வாய் திறந்து கேக்க மாட்டான். அவனுக்கும் ஒண்ணு செஞ்சு தரச் சொல்லு.''

அண்ணாவிடம் சொல்லிவிட்டேன். முதல் டார்ச்சுக்குக் கூலியாக ஒரு பிரியாணி வாங்கிக்கொண்டவர், இந்த முறை எதுவும் வேண்டாம் என்கிறார்.