குடவோலை கற்பித்தவன்

மதுரை நகராட்சி 1866-இல் தோன்றி, 1971-இல் மாநகராட்சியாக உயர்ந்தது. கே.கே. நகரில் வாழும் நான், 2022 உள்ளாட்சித் தேர்தலன்று, “சாக்கடைக்கும் தெருவிளக்கிற்கும் ஒரு தேர்தலா?” என்று எண்ணி, வாக்களியாது வீட்டிலிருந்துவிட்டேன்.

சில திங்களில் எங்கள் தெருவிளக்கு அவிந்தது. வட்ட உறுப்பினர்க்கு விண்ணப்பம் வரைய அமர்ந்தேன். “தாத்தா, நீங்கள் யாருக்கு வாக்களித்தீர்கள்?” என வினவினாள் பேர்த்தி. நாணித் தலைகுனிந்தேன்.

முதற் பராந்தக சோழன் காலத்திலேயே உத்தரமேரூரார் ஏரிக்கும் தோட்டத்திற்கும் வாரியம் அமைத்து, குடவோலையால் உறுப்பினரைத் தேர்ந்தனர். கணக்குக் காட்டாதவரை விலக்கினர். இதனைப் பல்லாண்டு வகுப்பில் கற்பித்தவன் நானன்றோ!

மாணவர்களே! குடிநீர், விளக்கு, துப்புரவு ஆகியவற்றைப் பற்றிய மன்றத் தீர்மானங்கள் சிறியன அல்ல. அவை நாள்தோறும் நம் வாயிலுக்கு வருவன. வாக்குரிமை எய்தும் நாளில் என்னைப்போல் வாளா இராதீர்கள்.