மாற்று மூட்டும் மனத்தின் எதிர்பார்ப்பும்

நோய் தீர்தல் வேறு. நோய் வருமுன் இருந்த நிலை மீளல் வேறு. சுரம் போன்றவற்றில் இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்தலின் வேறுபாடு புலப்படுவதில்லை. தேய்ந்த உறுப்பொன்றைக் களைந்து, அதனிடத்துச் செய்பொருளொன்றை அமைக்கும் சிகிச்சையிலோ அது நன்கு விளங்கும். சென்ற ஆண்டில், என் 67-ஆம் வயதில், வலப்பக்கத்து இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டு தேறியவனாதலின், அதன்கண் யான் கண்டவற்றை அந்நிலையை எதிர்நோக்கியிருக்கும் அன்பர்கட்குப் பயன்படுமெனக் கருதி ஈண்டு எழுதலுற்றேன்.

தொடையெலும்பின் தலை பந்து போல் உருண்டு, இடுப்பெலும்பிலுள்ள கிண்ணம் போன்ற குழியிற் பொருந்திச் சுழலும். இரண்டையும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்திருக்கும். அது தேயுமாயின் எலும்போடு எலும்பு உராயும். தொடையிடுக்கிலே தோன்றும் நோவு முழங்கால்வரை இறங்கும். இரவில் உறக்கமும் ஒழியும். சிகிச்சையாவது, அப்பந்தை அறுத்து நீக்கித் தொடையெலும்பின் உட்புழையில் உலோகத் தண்டு ஒன்றைச் செலுத்தி, அதன் தலையில் உலோகத்தானேனும் பீங்கானானேனும் இயன்ற பந்தைப் பொருத்திக் குழியினுள் புதுக் கிண்ணம் அமைத்தலாம்.

இம்முறையை நிலைபெறச் செய்தவர் இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் இருந்த ஜான் சார்ன்லி என்பார். அவர் முதலில் டெஃப்லான் என்னும் பொருளாற் கிண்ணஞ் செய்தனர். அது தொடக்கத்தில் நன்கு பயன்பட்டுச் சில ஆண்டுகளிலேயே தேய்ந்தொழிந்தது. மனந்தளராது 1962-ஆம் ஆண்டு நவம்பரில் பாலிஎத்திலீன் கிண்ணத்தைக் கையாளத் தொடங்கினர். அதன்பின்னரே இச்சிகிச்சை உலகெங்கும் பரவிற்று. 2019-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, இம்மூட்டுக்களில் 100-க்கு ஏறக்குறைய 58 மூட்டுக்கள் 25 ஆண்டுகள் நிலைக்கும் எனக் கணக்கிட்டது. நெடுங்காலம் உழைப்பதாயினும் செய்பொருள் செய்பொருளே என்பது இதனாற் பெறப்படும்.

சிகிச்சைக்கு முன் என்னைக் காணவந்தோர் இருதிறத்தினர். ஒருசாரார், பதினைந்து நாளில் திருவண்ணாமலை கிரிவலம் போகலாம் என்றனர். மற்றொருசாரார், கத்தி பட்ட கால் பின்பு ஊன்றாது என்றனர். இருவரும் என்பால் அன்புடையாரே. எனினும் இருவர் சொல்லும் நோயாளிக்குத் தீங்கு பயப்பனவாம். முன்னது நம்பினார்க்குப் பதினாறாம் நாளில் ஏமாற்றத்தைத் தரும். பின்னது நம்பினார்க்கு எழுந்து நடக்கும் முயற்சியையே கெடுக்கும். என் மருத்துவரோ, "நோவைத் தீர்க்க முயல்வேன், நடையைத் தர முயல்வேன், இருபது வயதைத் தர என்னால் ஆகாது" என்று கூறினார். அச்சொல்லையே யான் பற்றுக்கோடாகக் கொண்டேன்.

மறுநாட் காலையிலேயே வாக்கரைப் பற்றி நிற்கச் செய்தனர். பல்லாண்டு அரித்த பழைய நோவு அங்கில்லை. புண்ணின் நோவே இருந்தது. முன்னது நாளுக்குநாள் வளர்ந்தது. பின்னது நாளுக்குநாள் தேய்வது. எனக்கு மூட்டின் பின்புறமாக வழிசெய்து சிகிச்சை நிகழ்த்தினமையின், இடுப்பைச் செங்கோணத்திற்கு மேல் மடக்கலாகாது, காலின்மேற் கால் இடலாகாது, பாதத்தை உட்புறந் திருப்பலாகாது என ஆறு வாரம் விதித்தனர். பந்து கிண்ணத்தினின்றும் நழுவாமைப் பொருட்டென்க. முன்புறமாகச் செய்யப்பெற்றார்க்கு விதிகள் வேறுபடும். படுக்கையில் தொடைகளுக்கிடையே தலையணை வேண்டும். இருக்கை உயர்ந்திருத்தல் வேண்டும். குருதி உறையாமைப்பொருட்டுக் கணுக்காலை அடிக்கடி அசைத்தல் வேண்டும். படியேறும்போது நல்ல காலும், இறங்கும்போது சிகிச்சை பெற்ற காலும் முற்படல் வேண்டும். வலக்கால் நொந்தார்க்குக் கைத்தடி இடக்கையிலிருத்தலே தக்கது. அதனால் வலப்பக்கத்து இடுப்புத் தசையின் சுமை குறையும்.

மூன்றாம் வாரமே அரியது. அப்போது காண வருவார் குறைந்துவிடுவர்; முதற்சில நாட்களின் ஊக்கமும் தணிந்துவிடும். மாலைதோறும் கால் வீங்கும்; புரண்டு படுக்க இயலாமையின் உறக்கம் கெடும்; ஒருகால் நீண்டுவிட்டது போலத் தோன்றும். தசைகள் புதுநிலைக்குப் பழகப்பழக அத்தோற்றம் பெரும்பாலும் மாறும். என்னோடு ஒரே நாளிற் சிகிச்சை பெற்ற ஒருவர் அதற்குள் தடியோடு தெருவில் உலவுகின்றார் எனக் கேட்டு, அன்றிரவு முழுதும் மனம் நொந்தேன். அவர் வயதும் தசைவலியும் வேறு. என் வயதும் தசைவலியும் வேறு. ஆதலின் அவரோடு என்னை அளத்தலை விடுத்து, நேற்றையென்னோடு இன்றையென்னை அளக்கலானேன். கட்டிலிலிருந்து வாயில்வரை, வாயிலிலிருந்து தெருமுனைவரை, பின்னர்க் கோயிற் கோபுரவாயில்வரை என அளவு வளர்ந்தது. ஆறாம் வாரத்தில் வாக்கரும், மூன்றாம் மாதத்தில் தடியும் நீங்கின. ஆயினும் முழுவலிமை வர ஓராண்டு சென்றது.

பொறுமை என்பது அபாயத்தையும் பொறுத்திருத்தல் அன்று. கெண்டைக்காலிற் புதிதாக நோவும் வீக்கமும் மிகுதல், மூச்சுத்திணறல், நெஞ்சுநோவு, சுரம், புண்ணினின்று நீர் கசிதல், திடீரெனக் காலூன்ற மாட்டாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அப்பொழுதே மருத்துவரை அடைதல் வேண்டும்.

இனி, என் உள்ளத்தைப் பெரிதும் வருத்தியதொன்றைக் கூறுவேன். நாற்பதாண்டுகளாகத் தரையிலமர்ந்து ஆன்மார்த்த பூசை செய்தும், சந்நிதியில் நிலமுற வீழ்ந்து வணங்கியும் வந்தவன் யான். தரையிலமர்தலும் குந்துதலும் இனி வேண்டா என மருத்துவர் கூறிய அன்று, காலைப் பெற்று வழிபாட்டை இழந்தேனோ என்று கலங்கினேன். நாற்காலியிலிருந்து செய்வது பூசையாகுமோ என அன்பரொருவரும் வினவினார். ஆகும் என்பதே என் துணிபு. என்னை? ஆசனத்தின் பயன் உடலை அசைவின்றி நிறுத்தி மனத்தை ஒருவழிப்படுத்தலே. அது கருதியன்றோ இனிதிருத்தலாகிய சுகாசனமும் ஆசனங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது? வணக்கத்திலும், எட்டுறுப்பு நிலந்தோயும் அட்டாங்கத்தோடு, தலைமேல் இருகை குவிக்கும் திரியாங்கமும் விதிக்கப்பட்டுள்ளது.

அப்பர் பெருமான் கயிலை காணும் வேட்கையால் நடந்து கால் தேய்ந்தார், கைகளால் தவழ்ந்தார், மார்பினால் உந்தினார், பின்னர்ப் புரண்டும் சென்றார். அவர்க்குக் காட்சி கிட்டியது. ஆயின் அவர் கருதிய வடகயிலையிலன்று, திருவையாற்றிலே கிட்டியது. வேண்டியது வேண்டிய இடத்திலும் வேண்டிய வடிவிலுமே வருதல் வேண்டும் என்னும் பிடிவாதம், வந்ததனைக் காணவொட்டாது கண்ணை மறைக்கும். உடம்பு வினைக்கீடாக உயிர்க்குத் தரப்பட்ட கருவி என்பது நம் சித்தாந்தம். கருவி பழுதாயின் செப்பஞ்செய்து கொள்ளல் முறையே. செப்பஞ்செய்த கருவியைப் புதியதென்று கருதிச் சினத்தலே முறையன்று.

இன்று யான் உயர்பீடத்தில் இறைவனை எழுந்தருளுவித்து, நாற்காலியிலிருந்து பூசிக்கின்றேன். முன்பெல்லாம் பாதிப்பூசையில் மனத்தை இழுத்துச் செல்லும் இடுப்புநோவு இப்போது இல்லை. ஆதலின், இச்சிகிச்சையை எதிர்நோக்கும் அன்பர்கள் தம் மருத்துவரை, "நோவு எவ்வளவு தீரும்? எதனை மீளச் செய்யலாம்? எதனை விடல்வேண்டும்?" என்னும் மூன்றையும் முன்னரே வினவித் தெளிக, தெளிந்தபின் அஞ்சாது புகுக. திருவருள் துணை நிற்பதாக.