சில்லில் அவன்ர பெயர்

பவர்பொயின்ற் எண்டால் எங்கட கலைப்பீடத்தில் ஒரே அர்த்தம்தான். பதினைந்து நிமிசம், இருபது ஸ்லைட், ஒவ்வொண்டிலயும் ஒரு பக்கம் எழுத்து, அதைத் திரையைப் பார்த்து அப்படியே வாசிக்கிற ஒருவர். அந்த மென்பொருள் 1987இல் மக்கின்ரொஷ் கணினிக்கு முதன்முதல் வந்தபோது, ஓவர்ஹெட் புரொஜெக்டரில் வைக்கிற தாள்களைத் தயாரிக்கத்தான் பயன்பட்டது. நாங்கள் இன்னும் அந்தத் தாள்களிலதான் நிக்கிறம். அதுக்குள்ள ஒரு சில்லைச் செய்து, சுத்தவிட்டு, நிக்கிற இடத்தில இருக்கிற ஆளைக் கூப்பிடலாம் எண்டு போன வருசம்தான் தேடிப் பிடிச்சன்.

ஞாயிறுகளில் எங்கட ஊர்ச் சனசமூக நிலையத்தில் தரம் 9, 10 பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்குத் தமிழும் வரலாறும் சொல்லிக் குடுக்கிறன். கேள்வி கேட்டால் முன்வாங்கில இருக்கிற மூண்டு பெடியள்தான் கை தூக்குவினம். நானாக ஒரு பிள்ளையைப் பார்த்துக் கேட்டால், அது கேள்வியை யோசிக்காது, என்ர முகத்தைத்தான் யோசிக்கும். ‘ஏன் என்னை? கதைச்சதைக் கண்டிட்டாவோ? எனக்குத் தெரியாதெண்டு நினைச்சோ?’ பள்ளிக்கூடத்தில நானும் அப்படித்தான் இருந்தன். ரீச்சரின் கண் எங்க போகுதெண்டு பார்த்துப் பார்த்தே பாதிப் பாடம் போயிடும். சில்லு சுத்தினால் எல்லாரும் சில்லைத்தான் பார்ப்பினம், என்னையில்லை. எனக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். இணையத்தில ரெடிமேட் சில்லுகள் நிறைய இருக்கு. ஆனா அந்தத் தகரக் கூரைக்குக் கீழ சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல வராது.

செய்யிற முறை இதுதான். முதலில ஒரு பை சார்ட் போட வேணும். பன்னிரண்டு வரி, ஒவ்வொண்டுக்கும் பெறுமதி 1, அப்ப ஒவ்வொரு துண்டும் சரியாக 30 பாகை. துண்டுகளில பெயர்களை யுனிகோட்டில எழுதுங்கோ. பாமினியில எழுதினால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில பிள்ளைகளின் பெயரெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். சார்ட்டைச் சார்ட்டாகவே வைச்சுத் திருப்ப ஏலாது, அதால வெட்டிப் படமாக ஒட்ட வேணும். ஒட்டினபிறகு வட்டம் படத்தின் நட்டநடுவில இருக்கிற மாதிரி ஓரங்களைக் கத்தரிக்க வேணும். பவர்பொயின்ற் எதையும் அதன் சட்டத்தின் மையத்தை வைச்சுத்தான் சுழற்றும். ஒரு பக்கம் கொஞ்சம் கூடினாலும் நெளிஞ்ச சைக்கிள் றிம் மாதிரி ஆடிக்கொண்டு சுத்தும். மேலே ஒரு சின்ன முக்கோணம், அதுதான் அம்பு.

இனி அனிமேஷன். எம்பசிஸ் வகையில ‘ஸ்பின்’ எண்டு ஒண்டு இருக்கு. எத்தனை பாகை, எத்தனை செக்கன் எண்டு குடுக்கலாம், கடைசியில மெதுவாக நிக்க வைக்கலாம், முக்கோணத்தில கிளிக் பண்ணினால் தொடங்கிற மாதிரி ட்ரிகரும் போடலாம். பார்க்க அந்த மாதிரி இருக்கும். ஆனா அது ஒரு நாடகம். எத்தனை பாகை எண்டு நான் எழுதினனோ அத்தனை பாகைதான் சுத்தும், நிக்கிற இடம் முதல்நாள் இரவே என்ர லப்ரொப்பில முடிவாகியிருக்கும். பாட்டுப் போட்டு விளையாட அது போதும். ஆளைத் தெரிவு செய்யப் போதாது.

உண்மையாவே தற்செயல் வேணுமெண்டால் மக்ரோ எழுத வேணும். கலைப்பீடக்காரர் பயப்பிடத் தேவையில்லை, என்ர நிரல் இருபது வரிகூட இல்லை. கணினியிட்ட 0க்கும் 1க்கும் இடையில ஒரு எண் கேட்டு, அதை 360ஆல் பெருக்கி, நாலைஞ்சு முழுச்சுற்றோட கூட்டி, படத்தின் ‘ரொட்டேஷனை’ கொஞ்சம் கொஞ்சமாக மாத்திறதுதான் வேலை. தொடக்கத்தில ‘ரான்டமைஸ்’ எண்ட ஒரு சொல்லை எழுத வேணும். அது இல்லாட்டி, பவர்பொயின்றை மூடித் திறக்கிற ஒவ்வொரு முறையும் அதே எண்கள் அதே வரிசையில வரும். தற்செயல் மாதிரி இருக்கும், மனப்பாடம். கோப்பைப் பிபிரிஎம் வகையில சேமிக்க வேணும். இணையத்தில இருந்து இறக்கின கோப்பெண்டால் மக்ரோவைத் தடுத்துவிடும், அதால பென்டிரைவில கொண்டுபோறன்.

சில்லு வந்த முதல் ஞாயிறு ஒரு பிள்ளைக்கு மூண்டு தரம் விழுந்தது. “அக்கா, இது அநியாயம்!” எண்டு சத்தம். விழுந்த பெயரை எடுத்துவிடலாம் எண்டும் யோசிச்சம். எடுத்தால் விழுந்தவை அதோட ஆறுதலாகப் படுத்திடுவினம் எண்டு அவையளே சொல்லிச்சினம். அப்படியே விட்டாச்சு.

அதுக்கு அடுத்த கிழமைதான் அந்த அம்மா வந்தவ. மகனுக்குக் கதைக்கேக்க திக்கும். “பிள்ளை, அவன்ர பெயரை அதில போடாதேங்கோ. நாலு பேருக்கு முன்னால நிப்பாட்டி வைச்சுச் சிரிக்க விடாதேங்கோ” எண்டா. அவ சொன்னதில ஒரு பிழையும் இல்லை. பள்ளிக்கூடத்தில என்ன நடந்திருக்கும் எண்டு எனக்கும் தெரியும். “அவனிட்டயும் ஒருக்காக் கேக்கிறன் அன்ரி” எண்டு சொன்னன். கேட்டன். “போடுங்கோ” எண்டான், அவ்வளவுதான்.

ஆனா அந்தக் கிழமை முழுக்க ஒரு வரி என்ர மண்டைக்குள்ள ஓடினது. பெயர் சில்லில இருக்கட்டும், அவன்ர துண்டில நிக்கப் போனால் மட்டும் இன்னொரு 30 பாகை தள்ளிவிடு. ஒரு வரிதான், ஒருத்தருக்கும் தெரியாது. எழுதிப் பார்க்கிறதுக்கு முதல் தாளில கீறிப் பார்த்தன். அவனைத் தாண்டிப் போற ஒவ்வொரு முறையும் பக்கத்துத் துண்டில நிக்கும். பக்கத்துத் துண்டு பின்வாங்கில இருக்கிற, கேள்வியெண்டாலே கண்ணீர் வாற ஒரு பெட்டை. அவளுக்கு மற்றவையளைவிட இரண்டு மடங்கு விழும், ஏனெண்டும் தெரியாமல் இருப்பாள். அந்த வரியை நான் எழுதேல்லை.

நாலு கிழமை போச்சு. ஒரு நாளைக்கு ஆறு சுத்து, மொத்தம் 24. அவன்ர பெயர் ஒருக்காலும் விழேல்லை. வகுப்பு முடிஞ்சு நான் வயர் சுத்தேக்க வந்து நிண்டான்.

“அக்கா, அம்மா சொன்னவவோ? எ… என்ர பேரை எடுத்துப்போட்டீங்களோ?”

இல்லை எண்டு சொன்னால் நம்புவானோ? நானெண்டால் நம்பமாட்டன். லப்ரொப்பைத் திரும்பத் திறந்து நிரலைக் காட்டினன். வரி வரியாக விரலை வைச்சுப் பார்த்தான். “இதில ஒருத்தற்ற பேரும் இல்லையே” எண்டான். ஓம், இல்லை. 360 மட்டும்தான் இருக்கு, பெயர்கள் படத்திலதான். பிறகு கொப்பியில கணக்கும் செய்தம். ஒருக்காத் தப்ப 12இல் 11 வாய்ப்பு. அதை 24 தரம் பெருக்கினால் ஏறத்தாழ 0.12. எட்டுப் பேரில ஒருத்தனுக்கு இப்படி நடக்கலாம். “அப்ப நான் அந்த ஒருத்தன்” எண்டு சிரிச்சுக்கொண்டு போனான்.

ஒரு சலுகை தந்திட்டனோ எண்டு ஒரு பிள்ளை இவ்வளவு கோபப்படும் எண்டு நான் நினைச்சிருக்கேல்லை.

அடுத்த ஞாயிறு இரண்டாவது சுத்திலயே விழுந்தது. போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றின ஆண்டு என்ன எண்டது கேள்வி. திக்கிற ஒருத்தனுக்கு ஆயிரத்து அறுநூற்றுப் பத்தொன்பதைவிட நீளமான விடை கிடைக்காது. ‘ஆ’விலயே கனநேரம் நிண்டான். முன்வாங்குப் பெடியன் ஒருத்தன் சொல்லிக் குடுக்க வாயைத் திறந்தான், பக்கத்தில இருந்தவன் முழங்கையால ஒண்டு குடுத்தான். நான் அம்பைப் பார்த்துக்கொண்டு நிண்டன். சொல்லி முடிச்சான். அடுத்த சுத்தை நீயே விடு எண்டு மவுசைக் குடுத்தன். அந்தப் பெட்டையின்ர பெயரில போய் நிண்டது, அவள் அவனை முறைச்ச முறைப்பு!

இந்தக் கிழமை புதுசா இரண்டு பிள்ளைகள் சேருகினம். 360ஐ 14ஆல் பிரிச்சால் 25.71 சொச்சம் வரும். சார்ட்டில இரண்டு வரியைக் கூட்டினால் அதுவே பங்கு பிரிச்சுக்கொள்ளும். ஆனா திரும்பவும் படமாக ஒட்டி, நடுவைப் பிடிச்சுக் கத்தரிக்க வேணும். சனி இரவு கரண்ட் இருந்தால் சரி.