சங்கீதம் 112

ஆச்சியின் வேதப்புத்தகத்தை எப்போது விரித்தாலும் கொஞ்சம் மணல் உதிர்கிறது. தேரி மணல். செக்கச் சிவந்து, மாவு மாதிரி மெல்லியது. ஆச்சி போய் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் தையலுக்குள் பதுங்கிய மணல் இன்னும் தீரவில்லை. மேசையில் உதிர்ந்ததைத் துடைக்க மனம் வராமல் விரலால் தடவிக்கொண்டே இருப்பேன். அந்த மணலில்தான் நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் நடத்தினோம்.

எங்கள் ஊர் தேரிக்காட்டின் ஓரத்தில் இருந்தது. மேட்டில் ஏறி நின்றால் தூரத்தில் மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரம் தெரியும். மற்ற பக்கமெல்லாம் பனைதான். ஆச்சி பனையேறி வீட்டில் பிறந்து பனையேறி வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். பதனீர் காய்ச்சுவாள், கருப்பட்டி ஊற்றுவாள், ஓய்ந்த மாதங்களில் ஓலைப்பெட்டி முடைவாள். எழுத்து மட்டும் தெரியாது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது கையில் வேதப்புத்தகம் இல்லாமல் போகமாட்டாள். அது தாத்தாவின் புத்தகம். போதகர் ஐயர் சங்கீதத்தின் எண்ணைச் சொன்னதும் எல்லாரும் விரிக்க, அவளும் விரித்து மடியில் வைத்துக்கொள்வாள். பக்கத்தில் இருப்பவள் தாளைத் திருப்பும் சத்தம் கேட்டால் இவளும் ஒரு தாளைத் திருப்புவாள். அவள் மடியில் சாய்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். யாரையும் ஏமாற்ற அவள் அப்படிச் செய்யவில்லை. சபையோடு சேர்ந்து வாசிக்கிற அந்த நேரத்தில் தன் கைக்கும் ஒரு பங்கு வேண்டும் என்றுதான் செய்தாள். இது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் விளங்கியது.

பம்பாயிலிருந்து மாமா எழுதும் கடிதங்கள் அவளுக்கு இன்னொரு துக்கம். கடிதம் வந்ததும் உபதேசியார் வீட்டு வாசலில் போய் நிற்பாள். மகன் தனக்கென்று எழுதிய வார்த்தை ஊரார் காதில் விழுந்த பிறகே தனக்கு வந்துசேர்கிறது என்பது அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

1973ஆம் வருஷம் எனக்கு எட்டு வயது. ஒரு சாயங்காலம், கருப்பட்டி காய்ச்சுகிற விடிலியில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. ஆச்சி உள்ளங்கையால் மணலைப் பரப்பிச் சமன் செய்துவிட்டு, "எய்யா, ஒம் பள்ளிக்கூடத்துல மொத நாளு என்ன எழுதச் சொன்னாவ? அத எழுதிக் காட்டு" என்றாள். நான் 'அ' எழுதினேன். அவள் என் எழுத்தின் மேலேயே விரலை வைத்து இழுத்தாள். அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். இருட்டிய பிறகு அடுப்பு வெளிச்சத்தில் எழுதினாள். அன்று பாகு கொஞ்சம் முற்றிப்போனது.

உயிரெழுத்து ஒரு மாதம் பிடித்தது. உயிர்மெய்க்கு அந்தப் பனைக்காலம் முழுக்க ஆனது. எழுத்து எப்படியோ வசப்பட்டுவிட்டது, எண்தான் கடைசி வரை மல்லுக்கு நின்றது. இருபத்தொன்று எழுதச் சொன்னால் 12 என்று எழுதுவாள். பன்னிரண்டு கேட்டால் 21 வரும். "ஆச்சி, மாத்தி எழுதிட்டீங்க" என்று நான் வாத்தியார் தோரணையில் அழிப்பேன். அவள் மணலை உற்றுப் பார்ப்பாள். "ஒண்ணும் ரெண்டும் அங்கனதானய்யா நிக்கி?" என்பாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்த நாளை வரவே இல்லை.

மணலில் எழுதிப் படித்த இன்னொருவரைப் பற்றிப் பதினைந்து வருஷம் கழித்துச் சென்னையில் தெரிந்துகொண்டேன். அப்போது ஓர் அச்சுக்கூடத்தில் பிழை திருத்துகிற வேலையில் இருந்தேன். திருச்சபை வரலாறு ஒன்றின் புரூப் என் மேசைக்கு வந்தது. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது இருபத்து மூன்று. அப்போது எனக்கும் அதே வயது. ஜெர்மனியில் மேற்படிப்புப் படித்தவர் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளின் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மணலில் விரலை வைத்துத் தமிழ் எழுத்துப் பழகினார். அந்த வரியில் என் பேனா நின்றுவிட்டது. மணல் தரங்கம்பாடிக் கடற்கரையில் வெளுத்திருந்திருக்கும், எங்கள் தேரியில் சிவந்திருந்தது. விரல் மட்டும் ஒரே விரலாக எனக்குத் தோன்றியது.

1708 அக்டோபரில் அவர் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அடுத்த மாதமே டேனிஷ் ஆளுநர் அவரைக் கோட்டைக்குள் அடைத்தார். சிறையிருப்பு நான்கு மாதம் நீடித்தது. வெளியே வந்து மறுபடி உட்கார்ந்து 1711 மார்ச்சில் முடித்தார். ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் கப்பலேறி வந்தன. ஆனால் அவை மிகப் பெரியவை. அந்த அளவில் அச்சிட்டால் இருக்கிற காகிதம் போதாது. ஆகவே தரங்கம்பாடியிலேயே ஈயத்தை உருக்கிச் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். புதிய ஏற்பாடு 1715இல் நிறைவுற்றது. பொறையாறில் ஒரு காகித ஆலையையும் நிறுவிப் பார்த்தார்கள். அச்சுக்கூடத்தில் உட்கார்ந்து இதைப் படித்தபோது வேத வாக்கியம் எனக்கு முதல் தடவையாக ஈயமாகவும் மையாகவும் காகிதக் கணக்காகவும் தெரிந்தது. ஒரு வசனம் ஒருவன் கைக்கு வந்து சேர எத்தனை பேர் விரல் கறுத்திருக்க வேண்டும்!

அந்த நாட்களில் எனக்குச் சொந்தமாக வேதப்புத்தகம் கிடையாது. ஊரை விட்டுக் கிளம்பும்போது அம்மா பெட்டியில் வைத்ததை, கனம் என்று சொல்லி வெளியே எடுத்து வைத்துவிட்டு வந்தவன் நான்.

1988இல் அந்த வேலை போனது. ஒரு நூலின் முகப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயரில் இருந்த எழுத்துப் பிழை என் கண்ணுக்குத் தப்பிவிட்டது. பைண்டிங் முடிந்து கட்டுக் கட்டாக நின்ற பிறகுதான் தெரிந்தது. மறுநாள் வரவேண்டாம் என்றார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஆறுக்கு எட்டு அறையில் படுத்துக் கிடந்தேன். வீட்டுக்கு இரண்டு மாதம் கடிதம் போடவில்லை. எதை எழுதுவது? ராத்திரிகளில் என் கண்ணுக்குத் தப்பிய அந்த ஓர் எழுத்து மச்சில் பெரிதாகத் தெரியும். பிழை பார்ப்பதற்கென்றே வைத்திருந்தவன் பிழை செய்துவிட்டால் அவன் எதற்கு ஆவான் என்ற கேள்விதான் விடியும் வரைக்கும்.

அப்போது ஓர் இன்லேண்ட் கடிதம் வந்தது. முகவரி மட்டும் யாரோ படித்த பிள்ளையின் கையெழுத்து. உள்ளே ஆச்சி. ஆச்சிக்குச் சின்னதாக எழுத வராது. மணலில் பழகிய விரல். ஒவ்வோர் எழுத்தும் உள்ளங்கை அகலம். அந்த நீலத் தாளில் மொத்தம் ஐந்தாறு வரிதான் கொண்டது. நான் சுகம். நீ சுகமா. கருப்பட்டி அனுப்பி இருக்கு. அதன் கீழே 'சங்கீதம் 112' என்று மட்டும். பிறகு 'ஆச்சி'.

வசனத்தை எழுத இடமில்லை. அதனால் வசனம் இருக்கும் இடத்தை எழுதியிருந்தாள். தரங்கம்பாடிக்காரர்கள் காகிதம் போதாமல் எழுத்தைச் சிறிதாக்கினார்கள். எழுத்தைச் சிறிதாக்கத் தெரியாத ஆச்சி, ஒரு முழுச் சங்கீதத்தையும் மூன்று இலக்கத்துக்குள் வைத்து அனுப்பிவிட்டாள்.

இரண்டு நாள் அந்தத் தாளைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் பைகிராப்ட்ஸ் சாலைக்கு நடந்தேன். நடைபாதையில் பழைய புத்தகக் குவியல்கள். துழாவினால் எல்லாமே கிடைக்கும் இடம். அட்டை கழன்ற தமிழ் வேதாகமம் ஒன்று அடியில் கிடந்தது. இரண்டு ரூபாய் கொடுத்தேன். அறைக்கு வரப் பொறுமையில்லாமல் கடற்கரைக்குப் போய், மணலில் உட்கார்ந்து பிரித்தேன்.

பத்தே வசனம் கொண்ட சிறு சங்கீதம். கர்த்தருக்குப் பயந்து நடக்கிறவனைப் பற்றியது. நேர்மையாயிருப்பவனுக்கு இருட்டுக்குள் வெளிச்சம் வரும் என்கிறது. கெட்ட செய்தி வந்தாலும் அவன் பயப்படமாட்டான், அவன் இருதயம் நிலையாக நிற்கும் என்கிறது. கெட்ட செய்தி ஒன்றிலேயே இரண்டு மாதம் குடியிருந்தவன் நான். திரும்பத் திரும்ப வாசித்தேன். பிறகு அழுதேன். யாருக்கும் எதையும் நிரூபிக்காத, காரணம் சொல்லத் தேவையில்லாத அழுகை. எனக்கு இருதயம் திறந்தது பிரசங்கத்தைக் கேட்டு அல்ல. எழுதவே சிரமப்பட்ட ஒருத்தி மூன்று இலக்கம் எழுதி அனுப்பியதால் திறந்தது. ஆச்சிக்கு எப்படித் தெரிந்தது என்ற வியப்பு என்னை விட்டுப் போகவே இல்லை. அன்று ராத்திரியே எல்லாவற்றையும் ஒளிக்காமல் வீட்டுக்கு எழுதினேன்.

அதன் பிறகு அந்த அட்டையில்லாத புத்தகத்தை வாசிக்கத் தொடங்கினேன். பவுல் அப்போஸ்தலன் பிலிப்பியருக்கு எழுதியது கட்டுண்டு கிடந்த காலத்தில். அந்தக் கடிதத்தில்தான் சந்தோஷம் என்ற பேச்சு ஓயாமல் வருகிறது. ஜான் பன்யனும் அப்படித்தான், பெட்ஃபோர்ட் சிறையில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர். 1678இல் வெளிவந்த அவருடைய மோட்சப் பிரயாணக் கதை கடல் தாண்டி வந்து, எங்கள் பக்கத்துச் சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்த எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் கையில் சேர்ந்தது. வைணவக் குடும்பத்தில் கம்பனில் ஊறி வளர்ந்த அவர் 1858இல் கிறிஸ்தவரானார். பல வருஷம் பாடுபட்டு அந்தக் கதையை 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியமாக்கி 1894இல் வெளியிட்டார். பெட்ஃபோர்டில் பூட்டிய அறைக்கும் தாமிரபரணிச் சீமைத் தமிழுக்கும் என்ன உறவு? அடைபட்டவன் எழுதியது அடைபட்ட இன்னொருவனைத் தேடிப் போகிறது. மேன்ஷன் அறையில் இருந்தபடி எனக்கு இது நன்றாகவே விளங்கியது.

வேறோர் அச்சகத்தில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும் வரைக்கும் பிழை திருத்தியே பிழைத்தேன். ஊருக்குப் போகும் போதெல்லாம் ஆச்சி திண்ணையில் வேதப்புத்தகத்தோடு இருப்பாள். எழுத்துக் கூட்டி, விரல் வைத்து வாசிப்பாள். கண் மங்கிய பிறகு நான் வாசிக்க, அவள் கேட்டாள். நூற்றுப் பன்னிரண்டை ஒருநாள் வாசித்துக் காட்டினேன். "நல்லாருக்கே" என்றாள், முதல் தடவை கேட்பவள் மாதிரி. வயசாகிவிட்டது, மறந்திருப்பாள் என்று நினைத்தேன். 1997இல் கண்ணை மூடினாள். புத்தகம் அம்மாவிடம் இருந்தது. போன வருஷம் அம்மாவும் போன பிறகு என்னிடம் வந்து சேர்ந்தது.

அன்றைக்குத்தான் ஓரங்களைப் பார்த்தேன். பல சங்கீதங்களின் பக்கத்தில் பென்சிலால் பெயர்கள். கோணல் மாணலாக, பெரிய பெரிய எழுத்தில். பம்பாய் மாமாவின் பெயர். பிள்ளை இல்லாமல் தவித்த சித்தியின் பெயர். சபையில் யார் யாரோ. யாருக்கு எதை எழுதி அனுப்பினாள், யாருக்காக எதைச் சொல்லி ஜெபித்தாள் என்ற கணக்கு. என் பெயரைத் தேடி 112ஐத் திருப்பினேன். ஓரம் வெறுமையாக இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

என் பெயர் 121இல் இருந்தது. 'பேரன். மெட்ராஸ். 1988.'

மலைகளை அண்ணாந்து பார்ப்பவனின் பாட்டு அது. ஆரோகண சங்கீதங்களில் ஒன்று. எருசலேமுக்கு ஏறிப் போகிற பயணிகள் பாடியது. தூங்காமல் உன்னைக் காக்கிறவர் இருக்கிறார், நீ போவதையும் வருவதையும் காப்பார் என்று சொல்வது. வெளியூரில் கிடக்கிற பேரனுக்கு எந்த ஆச்சியும் அதைத்தான் அனுப்புவாள். என் வேலை போனது அவளுக்குத் தெரியாது. கடிதம் வராத பேரன் பத்திரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கவலை. இன்லேண்டில் எழுதும்போது ஒண்ணும் ரெண்டும் இடம் மாறிவிட்டன. நாளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்று நான் விட்டுவைத்த பிழை.

நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தவறான முகவரிக்குப் போன நான் சரியான வீட்டுக் கதவைத்தான் தட்டியிருக்கிறேன்.

தமிழ் வேதப்புத்தகத்தின் கதையே அப்படித்தானே. சீகன்பால்கு பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்தார், 1719இல் முப்பத்தாறு வயதில் மறைந்தார். மீதியை ஷூல்ட்ஸ் முடித்தார். அது போதாதென்று பப்ரிஷியஸ் மறுபடி தொடங்கினார். பாளையங்கோட்டையில் ரேனியஸ் திருத்தினார். யாழ்ப்பாணத்தில் பெர்சிவலோடு உட்கார்ந்து சைவரான ஆறுமுக நாவலர் உழைத்த பதிப்பு 1850இல் வந்தது. பிறகு பவரும் முத்தையா பிள்ளையும் உழைத்த 1871ஆம் வருஷத்துத் திருப்புதல். ஆச்சி விரல் வைத்து வாசித்தது அந்த வழியில் வந்த வேதம். ஒவ்வொருவரும் முந்தினவரின் பிழையைத் திருத்தினார்கள். ஆனால் பிழையோடு இருந்த அந்தப் பழைய பதிப்புகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எத்தனை பேர் நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பார்கள்! திருத்தம் வரும் வரை தேவன் காத்திருக்கவில்லை. எங்கள் கைகளின் கோணல் அவருக்குத் தெரியும். அந்தக் கைகளிலேயே கொடுத்தனுப்புகிறார்.

நூற்றுப் பன்னிரண்டைப் பற்றி இன்னொன்று உண்டு. எபிரெய மொழியில் அதன் இருபத்திரண்டு அடிகளும் அந்த மொழியின் இருபத்திரண்டு எழுத்துகளில் வரிசையாகத் தொடங்குகின்றன. நம் ஆத்திசூடி மாதிரி, அவர்களுடைய அரிச்சுவடியில் கட்டிய பாட்டு. மணலில் ஆச்சிக்கு நான் எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். அவள் அறியாமலே எனக்கு ஓர் அரிச்சுவடியைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

நாற்பது வருஷத் தொழில் பழக்கம். இலக்கம் இடம் மாறியிருப்பதைக் கண்டதும் கை பென்சிலைத் தேடியது. எடுத்தேன். திருத்தக் குறி போடவில்லை. 112இன் வெறும் ஓரத்தில், அவளைப் போலவே பெரிய எழுத்தில் எழுதினேன்: 'ஆச்சி அனுப்பியது. மெட்ராஸ். 1988.'

புத்தகத்தை மூடும்போது மறுபடி கொஞ்சம் மணல் உதிர்ந்தது.