மருந்து போகும் வழி

பொன்னின் மாற்றை அறியப் பொற்கொல்லர் அதனை உருக்கிப் பார்ப்பதில்லை. உரைகல்லில் ஒரு கீற்று இழுத்து, அதன் நிறத்தைக் கொண்டே தரத்தைக் கூறிவிடுவார். பினாங்குச் சூலியா தெருவின் சுற்றுவட்டாரத்துப் பொற்கடைகளில் அவ்வுரைகல்லைக் கண்டு வளர்ந்தவர்க்கு நிறமாலையியல் அயலான கலையன்று. ஒரு பொருளின்மீது ஒளியைப் பாய்ச்சி, அது விழுங்கும் ஒளியையும் உமிழும் ஒளியையும் சிதறடிக்கும் ஒளியையும் அளந்து, அதன் உள்ளமைப்பை உணர்வதே அக்கலை. திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. இராமன் 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் கல்கத்தாவில் கண்ட ஒளிச்சிதறல் விளைவு, மருந்துக்கும் மரபிழைக்கும் உள்ள உறவை ஆராயும் கருவிகளுள் இன்று ஒன்றாக விளங்குகின்றது.

டி.என்.ஏ. எனப்படும் மரபிழை, முறுக்கிய ஏணி போன்றது என்பதை 1953-இல் வாட்சனும் கிரிக்கும் உலகிற்கு உணர்த்தினர். சில மருந்துகள் அவ்வேணியின் படிகளுக்கிடையே செருகிக்கொள்கின்றன என்னும் கருத்தை 1961-இல் லெர்மன் வெளியிட்டார். டாக்சோரூபிசின் என்னும் புற்றுநோய் மருந்து அவ்வினத்தைச் சேர்ந்தது. அது செந்நிறமுடையது, அந்நிறம் சாயமிட்டதன்று, இயற்கையாய் அமைந்தது.

என் தமக்கையார் சூலியா தெருவில் ஒரு கடையின் மாடியில் வாழ்ந்தவர். சாளரத்தைத் திறந்தால் நாகூர் தர்காவின் சிறு கோபுரங்கள் தெரியும். அவருக்கு இம்மருந்தைச் செலுத்தியபோது நான் அருகிலிருந்தேன். குழாய் வழியே இறங்கும் செந்நீரைப் பார்த்துக்கொண்டே, "தம்பி, இதுக்கு எங்கே போகணும்னு யாரு சொல்லிக்கொடுத்தாங்க?" என்று கேட்டார். முப்பதாண்டுக் காலம் வகுப்பறையில் வினாக்களைச் சந்தித்த எனக்கு இதைவிடக் கூர்மையான வினா எதிர்ப்பட்டதில்லை. எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதே விடை. முகவரியில்லாத கடிதத்தை வைத்துக்கொண்டு எல்லா வீட்டுக் கதவையும் தட்டும் அஞ்சற்காரரைப்போல, அது நோயுற்ற உயிரணுவையும் நலமான உயிரணுவையும் ஒருங்கே தட்டுகின்றது. முடி உதிர்கின்றது, நெஞ்சு நலிகின்றது. ஒருவருக்கு வாழ்நாளில் இவ்வளவுக்கு மேல் கூடாது என்று மருத்துவர்கள் கணக்கு வைப்பதும் அதனாலேயே.

ஆயினும் அச்செந்நிறம் ஆராய்ச்சியாளர்க்கு ஒரு கொடையாயிற்று. நீல ஒளியை ஏற்றுச் செம்மஞ்சள் ஒளியை உமிழும் அம்மருந்து, மரபிழையின் படிகளுக்கிடையே புகுந்தவுடன் மங்குகின்றது. மங்குமிடத்தைக் கொண்டே அது பற்றிக்கொண்ட இடத்தை ஓரளவு அறியலாம்.

சோதனைக் குழாயில் இதனை அளப்பது எளிது. விடியற்காலையில் ஆளரவமற்ற சூலியா தெருவில் ஒருவரைப் பின்தொடர்வது போன்றது அது. உயிருள்ள அணுவோ மாலைநேரத்துச் சூலியா தெரு! உட்கருவுடைய ஒவ்வோர் அணுவிலும் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீள மரபிழை, புரதங்களோடு சுருண்டு நெருங்கிக் கிடக்கின்றது.

அந்நெருக்கத்தில் வேறொரு வடிவமும் உண்டு. குவானின் என்னும் மூலக்கூறுகள் நான்கு, கைகோத்த நால்வரைப்போலச் சதுரமாய் நிற்க, அச்சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்படுகின்றன. ஒரே இழைகூட மடிந்து மடிந்து இவ்வாறு அமையக்கூடும். பயிற்சி ஆசிரியர்களிடம் இதற்குத் தமிழ்ப்பெயர் கேட்டேன். ஒருவர் 'நாற்சுருள்' என்றார். மற்றொருவர் 'நாலிழை' என்றார். பின்னதே எனக்கு உவப்பு, நாவிற்கு இடரில்லை.

1966-இல் சென்னையில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்து சென்ற சங்கர் பாலசுப்பிரமணியன், கேம்பிரிட்ஜில் தம் குழுவினருடன் 2013-இல் மனித உயிரணுக்களில் நாலிழையைக் காட்டினார். ஆனால் அவை மருந்திட்டு நிலைநிறுத்தப்பட்ட, உயிரற்ற அணுக்கள். அவ்வடிவத்தை ஆய்வுமுறையே உண்டாக்கியிருக்கலாமன்றோ என்னும் ஐயம் எழுவது இயல்பே. 2020-இல் அக்குழுவினர், அமைப்பைக் கலைக்காத அளவிற்கு மிகச் சிறிதாக ஒளிர்பொருளை இட்டு, உயிருள்ள அணுவில் நாலிழை உருவாவதையும் அவிழ்வதையும் கண்டனர்.

மருந்து அதனைப் பற்றியதா என்பதை அறியும் வழியை 2021-இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரியினர் வெளியிட்டனர். இம்முறையின் நுட்பம் என்னைக் கவர்ந்தது. அவர்கள் ஒளியின் அளவை நம்பவில்லை. ஒளிர்ந்து அடங்கும் காலத்தை அளந்தனர். ஒரு நொடியை நூறு கோடியாகப் பகுத்தால் அதில் சில பங்கே அக்காலம். அவர்தம் ஒளிர்பொருள் நாலிழையைப் பற்றியிருக்கையில் நெடிது ஒளிரும். இரட்டைச் சுருளிலாயின் விரைந்து அடங்கும். மருந்து வந்து அதனைப் பெயர்த்துவிட்டு நாலிழையில் அமர்ந்தால் அக்காலம் குறையும். மருந்து ஒளிராவிடினும், அது இடம்பிடித்த செய்தி அதனால் வெளிப்பட்டுவிடுகின்றது.

நாலிழையை இறுகப் பற்றும் மருந்தொன்று கனடாவில் புற்றுநோயாளரிடம் சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2022-இல் வெளிவந்தன. மரபிழைப் பழுதைச் செப்பனிட இயலாத கட்டிகள் சிலவற்றில் அது பயன் தந்தது. ஆனால் அதனைப் பெற்றவருள் சிலரின் தோல் வெயிலைத் தாங்கவில்லை; மருந்தின் அளவை மேலும் உயர்த்தத் தடையாய் நின்றது அவ்வெயிலே.